வடிகட்டி சுத்தம் செய்த பாட்டு

கல்யாண வீடியோக்காரர்கள் நடுவே அவருக்கு வடிகட்டி என்று பெயர். மாப்பிள்ளை பேசும்போது பின்னால் ஜெனரேட்டர் உறுமியிருக்கும், பெண்ணின் அத்தை மூக்கைச் சிந்தியிருப்பாள், நாற்காலி போடச் சொல்லி எவனோ எவனையோ மிரட்டியிருப்பான். அதையெல்லாம் களைந்துவிட்டுப் பேச்சை மட்டும் பளிச்சென்று கொடுப்பது அவர் தொழில். அவருக்குப் பாம்புச் செவி. வீட்டில் சாப்பிடும்போதுகூட ஃபேனை நிறுத்தச் சொல்வார். வியர்க்க வியர்க்கப் பரிமாறும் மனைவி, "நான் மூச்சு விடலாமா, அதுவும் கூடாதா? கேட்டுச் சொல்லுங்க" என்பாள்.

அவருக்கு ஒரே தங்கை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வாயில்லாப் பூச்சி. அவள் பாட்டுப் போடுகிறாள் என்பதே வீட்டில் ரொம்ப நாள் தெரியாது. பாட்டென்றால் வாய் திறந்து பாடுவதல்ல. ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் வேகம் குறைந்து அடங்கும் ஓசை, தகரக் கூரையில் மழை, மாடிப்படியில் யாரோ இறங்கும் செருப்புச் சத்தம், இதையெல்லாம் ஃபோனில் பிடித்துவந்து, கம்ப்யூட்டரில் இழுத்து நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்துவாள். அடியில் ஒரு சின்னக் கீபோர்டை மெதுவாக வாசித்து வைப்பாள். தாளம் கிடையாது, வார்த்தை கிடையாது. வேலை முடிந்து வந்து, உட்கார்ந்து உட்கார்ந்து, அப்படி ஒரு முழு ஆல்பமே சேர்த்திருந்தாள்.

அவளுடைய கம்ப்யூட்டர் சாகக் கிடந்தபோது, அதை ஒரு பென் டிரைவில் போட்டு அண்ணனிடம் கொண்டுவந்தாள்.

"இத பத்திரமா வச்சிருண்ணா. இது ஒண்ணுதான் இருக்கு. அந்தப் பழைய டப்பாவ எடைக்குப் போட்டுட்டேன்."

வைத்திருக்கத்தான் சொன்னாள். வடிகட்டி சும்மா இருப்பாரா? கேட்டுப் பார்த்தார். ஐயையோ என்றிருந்தது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கரகரப்பு, ரீங்காரம், இரைச்சல். பாவம், நல்ல மைக்குக்கு வழியில்லாத பிள்ளை, அடியில் இவ்வளவு அழகான மெட்டு இருக்கிறது, மேலே இத்தனை குப்பை சேர்ந்துவிட்டதே என்று நினைத்தார். பாசம் பொங்கிவிட்டது. கையிலிருந்த வேலையை ஒத்திப்போட்டுவிட்டு மூன்று நாள் தூங்காமல் அடுக்கடுக்காக உரித்தெடுத்தார். முடித்ததும், பழக்கதோஷம், பழைய ஃபைலின் மேலேயே புதியதைச் சேமித்தார். பெருக்கித் தள்ளிய குப்பையை யார் எடுத்து வைப்பார்கள்?

தங்கை ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றினாள்.

"ரொம்ப சுத்தமா இருக்குண்ணா" என்றாள்.

வடிகட்டிக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு அவள் எதுவும் போடவில்லை. கீபோர்டு அலமாரி மேல் ஏறியது. வேலை அதிகம் போலிருக்கிறது என்று இவர் எண்ணிக்கொண்டார். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜையெல்லாம் கேட்கிற காதுக்கு அது மட்டும் கேட்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து, குறும்படம் எடுக்கும் பெண் ஒருத்தி வந்தாள். "சார், என் படத்துல இரைச்சல எடுத்துடாதீங்க. இந்த மாதிரி இருக்கணும்" என்று வேறு யாரோ போட்ட ஓர் ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாவெறுப்பாகக் கேட்க ஆரம்பித்தார். கரகரவென்று மெல்லிய திரை மாதிரி ஒரு சத்தம். அதற்குள் எங்கோ தண்ணீர். அதற்கும் அடியில் மெதுவாக நகரும் ஒரு மெட்டு. கை சும்மா இருக்கவில்லை. இரைச்சலை எடுத்துப் பார்த்தார். மிஞ்சியது நாலு ஸ்வரம், காலி வீட்டில் தட்டிய மாதிரி. திரும்பப் போட்டார். அறையில் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. அடுத்த பாட்டு முடிவதற்குள் அவருக்குத் தங்கையின் ஆல்பம் ஞாபகம் வந்தது. வெங்காயத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று கடைசிவரை உரித்துவிட்டோம் என்று புரிந்தது.

அன்று சாயங்காலமே தங்கை வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு உன் ஆல்பத்துல நான் எடுத்தேனே, அந்த இரைச்சல்..."

"நீ எடுத்ததுதாண்ணா பாட்டு."

"அப்பவே ஏம்மா சொல்லல? ரெண்டு அறை விட்டிருக்கலாமே!"

"மூணு நாள் தூங்காம செஞ்சு கொண்டுவந்த. கண்ணு ரெண்டும் செவந்து கிடந்துச்சு. எந்த வாயால சொல்றது?"

"மறுபடி போடக் கூடாதா?"

"அந்த மெஷினும் இல்ல, அந்தக் கூரையும் இல்ல." துணியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "அண்ணன் காதுக்கே குப்பையா கேட்டுச்சுன்னா, வேற எவன் கேக்கப் போறான்னு விட்டுட்டேன்."

வடிகட்டிக்கு அழுகை வந்தது. அவள் எதிரிலேயே அழுதார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "அட, உங்ககிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி அவ ஒருநாள் நம்ம அடுப்படியில போட்டுக் காட்டினாளே! எங்க அக்காவுக்கு அனுப்பலாம்னு நான் ஃபோன்ல பிடிச்சு வச்சேனே!" என்றாள். பழைய ஃபோனைத் தேடியெடுத்து சார்ஜ் போட்டார்கள். ஒரே ஒரு பாட்டு இருந்தது. இயந்திரம் சுழன்று அடங்கியது, மழை வந்தது, யாரோ படி இறங்கினார்கள். நடுவில், எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு, அடுத்த அறையிலிருந்து அவருடைய குரல்: "என்ன அங்க, மோட்டார் ஓடுதா? அந்தச் சனியன நிறுத்துங்க!" உடனே யாரோ ஒலியைக் குறைத்துவிட்டார்கள். அதன் பிறகு பாட்டு முணுமுணுப்பாகத்தான் கேட்டது.

மறுநாள் தங்கை வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் கத்திய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத மட்டும் எடுத்துட முடியுமாண்ணா?"

முடியும். காலமெல்லாம் அவர் செய்ததே அதுதான். ஆனால் அந்தக் குரலை எடுத்தால் அதன் அடியில் கிடக்கும் மழையும் கூடவே போய்விடும்.

"முடியாதும்மா" என்றார்.

"அப்ப இருக்கட்டும். இன்னொரு தடவ போடு."

போட்டார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த இடம் நெருங்க நெருங்க அவருக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை. தங்கைக்கு எதிரில் உட்கார்ந்து, தான் கத்துவதை முழுக்கக் கேட்டார். அதன் பிறகு, அன்றைக்கு மாதிரியே, ஒலி குறைந்தது.