குண்டூசி குத்திய பக்கங்கள்

எங்கள் வாசகர் குழுவில் சனிக்கிழமைதோறும் ஒரே கேள்விதான் வரும். "இப்போது என்ன நாவல் வாசிக்கிறீர்கள்?" கேள்வி விழுந்த கொஞ்ச நேரத்தில் கைபேசி நிரம்பிவிடும். ஒருவர் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துப் படம் போடுவார். இன்னொருவர் ஏதோ ஒரு விமான நிலையத்தில் இருந்தபடி மடியில் விரித்த பக்கத்தைப் போடுவார். நான் எல்லாவற்றுக்கும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு, மகளின் பால் போத்தல் அவிக்கப் போய்விடுவேன். அவள் பிறந்த பிறகு நான் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தது, காய்ச்சல் பாணிமருந்தோடு வந்த விளக்கத் துண்டை மட்டும்தான். ஏதும் தவறவிட்டேனோ என்று அதைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தேன்.

என்னிடம் நாவலே இல்லை என்று சொல்லமுடியாது. பிறந்தநாளுக்கு இவர், என் கணவர், ஒன்று வாங்கித் தந்தார். "நீர் முந்தி வாசிக்கிற ஆளெல்லே" என்றார். அந்த 'முந்தி' கொஞ்சம் சுட்டது. மகள் நித்திரையாகும் நேரங்களில் நாலைந்து அத்தியாயம் ஓடியது. அதில் ஒரு சின்னப் பிள்ளை வந்தது. அதற்குக் காய்ச்சலும் வந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. மற்றக் கையாலும் தொட்டுப் பார்த்தேன். பிறகு எழும்பிப் போய், மருந்துகளை எடுத்து வைப்பதுபோல நாவலை அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

ஆனால் ஆசை போகவில்லை. நாவல் வாசிக்கிற அந்த ஆள் இன்னும் எனக்குள் இருக்கிறாளா என்று தெரியவேண்டும் போலிருந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை துணிந்து குழுவில் கேட்டேன்: "இதை வாசித்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காதுதானே?" எழுதி, அழித்து, திரும்ப எழுதித்தான் அனுப்பினேன். "ஐயோ, முடிவைச் சொல்லக்கூடாது, குழுவின் முதல் விதி!" என்று ஒருவர் பதறினார். "வாசிச்சுப் பாருங்கோ, அழுதிடுவீங்கள்" என்று இன்னொருவர் பாராட்டாகச் சொன்னார். புத்தகம் திரும்பவும் அலுமாரிக்கு மேலே போனது.

அன்று பின்னேரம் மகளின் கிளினிக் அட்டையில் யாரோ குத்தியிருந்த குண்டூசியைக் கழற்றினேன். தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் குண்டூசி இருப்பது எனக்கு ஒரு பாம்பு இருப்பதுபோல. விரலில் துரு மணத்தது. உங்களுக்கு அந்த மணம் தெரியுமோ என்னவோ, எனக்கு அது மலர் அக்காவின் மணம்.

பல்கலைக்கழகம் முடித்துவிட்டு எங்களைப் பட்டதாரிப் பயிலுநர்களாக மானிப்பாய்ப் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு வேலை பழக அனுப்பியிருந்தார்கள். ஆட்கள் வந்துவிட்டோம், வேலையும் உட்காரக் கதிரையும் வரவில்லை. பழைய கோப்புகள் அடுக்கிய பின் அறையில் மூன்று பேரை இருத்தினார்கள். நான், குருநகர் வதனி, எங்களிலும் பத்து வயது மூத்த மலர் அக்கா. வதனி சத்தம்போட்டுச் சிரிப்பவள். பெரியவர்கள் எட்டிப் பார்க்கும்போது கோப்பு ஒன்றை விரித்து முகத்தைச் சுருக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மலர் அக்கா கீரிமலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பையில் சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு நாவலும் இருக்கும். மூன்று பேரும் மாறி மாறி வாசித்ததில்தான் அந்தக் காலம் போனது. அரசாங்கம் எங்களுக்கு நாவல் வாசிக்கச் சம்பளம் தந்தது என்று வதனி சொல்லுவாள்.

மலர் அக்காவின் தம்பி, போர் முடிந்த நேரம் வன்னியில் காணாமல் போனவன். செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை. அக்கா அதைப்பற்றிக் கதைப்பதில்லை. ஒரு முறை அவருடைய வீட்டு முற்றத்தில் நின்ற சைக்கிளைக் கள்ளர் கொண்டுபோய்விட்டார்கள். "படலையைப் பூட்டிறேல்லையே அக்கா?" என்று வதனி கேட்டாள்.

"பூட்டினா அவன் எப்பிடி உள்ளுக்கை வாறது? அவனிட்டைத் திறப்பு இல்லையெல்லே."

சைக்கிள் போன பிறகும் அந்த வாசல் படலைக்குப் பூட்டோ சாவியோ வரவில்லை.

ஒரு நாள் மதியம் அக்கா வாசித்துக்கொண்டிருந்த நாவலை மூடிவிட்டு எழும்பி, முகம் கழுவுகிற பைப்படிக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. நாங்கள் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தோம். ஒரு சாவு வீடு. வதனி உடனே தீர்ப்புச் சொன்னாள். "இனி நாங்கள் முதல் வாசிச்சுப்போட்டுத்தான் அக்காட்டைக் குடுக்கிறது. கூடாத பக்கத்துக்கு ஊசி."

கந்தோரில் வேறு எதற்குப் பஞ்சமென்றாலும் குண்டூசிக்குப் பஞ்சமில்லை. சாவு வரும் பக்கங்களைச் சேர்த்துக் குத்துவோம். கதை விளங்கவேண்டுமே, அதற்காக ஒரு துண்டும் எழுதி வைப்போம். வதனியின் துண்டுகள் இப்படியிருக்கும்: "இதிலை ஒரு கிழவர் சாகிறார். நல்ல மனுசன் இல்லை. கவலைப்படாதேங்கோ." நான் பயந்த பிறவி. எது அக்காவை வருத்தும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் குத்தினேன். சண்டையைக் குத்தினேன், ஆசுப்பத்திரியைக் குத்தினேன், மழையில் வீடு ஒழுகுவதைக்கூடக் குத்தினேன்.

"என்னடி, நாய் செத்ததுக்கும் ஊசியோ?" என்று வதனி சிரித்தாள்.

"அந்த நாய் நல்ல நாயடி."

மலர் அக்கா புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். "இது பொத்தகமோ, தைச்ச சாக்கோ? வாசிக்க ஏதும் மிச்சம் விட்டிருக்கிறியளோ?" என்றார். என்றாலும் ஒரு ஊசியைக்கூட அவர் கழற்றிப் பார்த்ததில்லை. அதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை!

பிறகு ஒரு நாவல் வந்தது. அதை இரண்டு பேரும் தனித்தனியே வாசித்து, குத்தவேண்டியதெல்லாம் குத்தி, நம்பிக்கையோடு கொடுத்தோம். அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தவர், பெட்டியை அப்படியே மூடிக்கொண்டு பைப்படிக்குப் போனார். பிட்டு முக்கால்வாசி மிச்சம். நாங்கள் பாய்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தோம். அதில் ஒன்றுமேயில்லை. கொழும்பில் வேலை பார்க்கும் மகன் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வருகிறான். தாய் "சாப்பிட்டியோ?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான்.

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கவேண்டும்.

"சாகிறதை வாசிக்கலாம் பிள்ளையள். ஆரும் திரும்பி வீட்டை வாறதைத்தான் ஏலாமக் கிடக்கு."

முதல் நாவலை நான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்தச் சாவு வீட்டில், அதே பக்கத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் ஒரு மகன் இருந்தான். நாங்கள் பாடையைப் பார்த்த பார்வையில் அவனைக் காணவில்லை.

அதற்குப் பிறகு ஊசிகள் இடம் மாறின. சாவுகளைத் திறந்துவிட்டோம். யாராவது படலையைத் திறந்துகொண்டு வந்தால் குத்தினோம். எவ்வளவு நாவல்களில் எவ்வளவு பேர் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துண்டு எழுதுவதும் சுலபமாகிவிட்டது. "இதில் ஒருவர் வருகிறார்." அது போதும், அக்கா தாண்டிப் போய்விடுவார்.

குழுவில் பதில் கிடைக்காத அன்று, இதையெல்லாம் நினைத்துக்கொண்டு மலர் அக்காவுக்குக் கைபேசியில் எடுத்தேன்.

"அக்கா, ஒரு விசர்க் கேள்வி."

"நீ வேறை என்ன கேள்வி கேட்டனி? சொல்லு."

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பொத்தகத்தை மனுசனிட்டைக் குடுத்துவிடு" என்றார். இவர் வேலைக்குப் போவது அக்கா வீட்டுப் பக்கத்தால்தான்.

அடுத்த கிழமை நாவல் திரும்பி வந்தது. நடுவில் கொஞ்சப் பக்கங்களின் ஓரத்தை ரோசா நிறத் தையல் நூலால் அழகாகத் தைத்திருந்தார். மேலே துண்டு: "பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையாகும். பேந்து மாறும். சாகாது. நீ இதை வாசிக்காதை. தவழுற பிள்ளை இருக்கிற வீடு எண்டு ஊசி குத்தேல்லை."

துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அழுதிடுவீங்கள் என்று குழுவில் சொன்னவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

தையலைத் தாண்டி வாசித்தேன். பிள்ளை சுகமாக விளையாடியது. கடைசிக்குக் கிட்ட ஒரு அத்தியாயத்தில், வெகுகாலத்துக்கு முன் போன ஒருவன் பின்னேரத்தில் வந்து படலையைத் திறக்கிறான். அக்காள்காரி முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கிறாள். பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில், இப்படியொன்று இருக்கும் என்று பாராமல் அக்காவிடம் கொடுத்துவிட்டேனே! அந்தப் பக்கத்தில் தையலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அந்தக் கந்தோரின் பின் அறையை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கண்ணாடித் தடுப்பும் வரிசையாகக் கதிரைகளும். வதனி நோர்வேயில். அவள் வாசிப்பதெல்லாம் கைபேசியில், அதில் எங்கே ஊசி குத்துவது? போகும்போது எனக்கு விட்டுப்போன புத்தகங்களில் துருப்பிடித்த புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. அந்தக் காலத்திலிருந்து மறைந்துபோனவை இவ்வளவும்தான் என்று, அன்று அக்காவோடு கதைக்கும்வரை நினைத்திருந்தேன்.

நாவலை மூடிய கையோடு அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, கடைசியிலை அந்த ஆள் வாறது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களிட்டைத் தந்திருக்கமாட்டன்."

"ஓம், வாறான். வாசிச்சனான்."

"வாசிச்சனீங்களோ?"

"ரண்டு தரம். நல்லா எழுதிக்கிடக்கு." பிறகு, "இப்ப வாசிக்க ஏலும் பிள்ளை" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன். மகள் என் மடியில் ஏறிக் கைபேசியைப் பறிக்கப் பார்த்தாள். அக்காவுக்கு அவளுடைய சத்தம் கேட்டிருக்கவேண்டும், சிரித்தார்.

"அவளோடை கதைக்க வேணும், வைச்சிடாதை. கொஞ்சம் நில், பொழுதுபட்டுப்போச்சு. படலையைப் பூட்டிப்போட்டு வாறன்."

நான் நின்றேன். செருப்புச் சத்தம் முற்றத்தில் தள்ளிப் போனது. சங்கிலி ஒன்று படலை மரத்தில் உரசியது. பிறகு, பூட்டு விழுந்தது.