ஏவுகணையை அட்டையில் வெட்டி வைத்தவன் நான்

ஊறிய தோலைத் தொட்டியிலிருந்து தூக்கிப் போடும் வேலையில் தொடங்கியவன் நான். படிப்பு நாலாங் கிளாஸோடு சரி. பேங்க்காரன் உள்ளே உட்காரக்கூட சொல்லாத காலத்தில் ஆம்பூரில் டை செய்யும் பட்டறை போட்டேன். ஷூவுக்குத் தோல் வெட்டுகிற இரும்பு அச்சுக்குத்தான் எங்கள் ஊரில் டை என்று பேர். பிறகு ஷூவின் மேல்பாகம் தைக்கிற யூனிட் ஒன்று, அதற்கு மேல் மாடி வீடு. ரோடு அகலப்படுத்த பாதிப் பட்டறையை எடுத்துக்கொண்டார்கள். மீதியை வைத்து மறுபடி முழுசாக்கினேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஒரு வெளிநாட்டு ராணுவம் பல காலம் ரகசியமாக வைத்திருந்த ஏவுகணையை, மூக்கிலிருந்து வால் சிறகு வரைக்கும், அட்டையில் வெட்டிக் காப்பாற்றியவனும் நான்தான். அது மட்டும் யாருக்கும் தெரியாது. தெரியவிடவும் மாட்டேன் என்கிறார்கள்.

எனக்கு மாடல் ராக்கெட் பைத்தியம் உண்டு. நிஜ ராக்கெட்டின் உருவத்தை அட்டைக் குழாயிலும் லேசான மரத்திலும் சின்னதாகச் செய்து பறக்கவிடுவது. வேலூரில் இதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. காலேஜ் வாத்தியார்கள், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். போலீஸில் அனுமதி வாங்கிப் பாலாற்று மணலில் விடுவோம். அதில் தோல் நாற்றத்தோடு போய் நிற்கிறவன் நான் ஒருத்தன்தான்.

எங்கள் யூனிட்டுக்கு ஷூ தரம் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கும் இதே பைத்தியம். என் மேஜையில் இருந்த மாடலைப் பார்த்தவர் அன்றைக்கு ஷூவைத் தொடவே இல்லை. அவர் நாட்டில் ஓய்வு கொடுத்துவிட்ட ஒரு பழைய ஏவுகணையின் வெளி அளவுப் படங்களை ரகசியப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். நெட்டில் கிடைப்பது கலங்கலான சில பக்கங்கள்தான். அவரோ ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போய், பெரிய தாள்களில் நகல் எடுத்து, அடுத்த தடவை வரும்போது சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். கொஞ்ச காலத்தில் அவர் இறந்துவிட்டார். காப்பகத்து மூலத்தைப் பார்க்க விமானம் ஏற இங்கே யாருக்கும் தெம்பில்லை.

தோல் பதனிடும் எங்கள் ஊர்க் காற்றில் வெள்ளிக் கொலுசே கறுத்துப்போகும். தாள் எம்மாத்திரம்? ஒரு மழைக்காலம் போனதும் கோடுகள் மங்கத் தொடங்கின. சங்கத்தில் சொன்னேன். “ஸ்கேன் பண்ணலாம் பாய், பார்க்கலாம்” என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஷூவின் அளவை எப்படிக் காப்பாற்றுவோமோ அப்படியே செய்தேன். ஒவ்வொரு பாகத்தையும் கெட்டி அட்டையில் வரைந்து, வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, கம்பியில் மாட்டித் தொங்கவிட்டேன். தாள் போனாலும் அட்டை நிற்கும். மேலே வைத்துக் கோடு இழுத்தால் போதும், ஏவுகணை கையில். சொன்னபடியே தாள்கள் போய்விட்டன. சிறகு வரைந்திருந்த தாள்தான் முதலில் வெளுத்தது.

சங்கம் அந்த அட்டைகளை வாங்கிப்போய் ஒரு மாடல் செய்தது. பார்க்க அச்சு அசல். விட்டதும் நேரே ஏறவில்லை. காற்று வந்த பக்கமாகவே மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்க் கரையோர முள்ளுக் காட்டில் விழுந்தது. சிறகு பெரிசாக இருந்தால் அப்படித்தான் செய்யும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சிறகு அட்டையை மட்டும் வெட்டியது என் ஃபோர்மேன். பட்டறைக்கு வந்து அவனைப் பிடித்தேன்.

“சிறகுக்கு இன்னாத்துக்குடா மடிப்பு வுட்ட?”

“ஒத்தக் கோடு போட்ட ஓரம்னா மடிப்பு வுட்டுத்தான் வெட்டணும்னு நீங்கதான முதலாளி கத்துக் குடுத்தீங்க?”

“அது ஷூவுக்குடா!”

“ஏவுகணைக்கு வோணாம்னு யாரு சொன்னா? நான் இன்னா ராணுவத்துலயா வேலை செஞ்சேன்?”

ஷூவின் மேல்பாகத் தோலை ஓரத்தில் உள்ளே மடித்துத் தைப்போம். அந்த மடிப்புக்காகக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு வெட்டுவது எங்கள் வழக்கம். ஃபோர்மேன் கைப்பழக்கத்தில் சிறகைச் சுற்றிலும் அதையே விட்டிருந்தான். அவனைத் திட்டி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மடிப்பு எப்போதும் ஒரே அளவு. சுற்றிலும் அதைக் கழித்தால் தாளில் இருந்த நிஜ அளவு அப்படியே வந்துவிடும். வேறு எவன் தப்பு செய்திருந்தாலும் அந்த அளவு போனது போனதுதான். அப்போதே சங்கச் செயலாளருக்குப் போன் போட்டுச் சொன்னேன். கழித்தார்கள். அடுத்த மாடல் நூல் பிடித்த மாதிரி ஏறியது.

இப்போது சங்கம் அந்த ஏவுகணைப் படங்களைப் புத்தகமாகப் போடுகிறது. மற்ற ஊர்ப் பொழுதுபோக்குக்காரர்களும் பார்த்துச் செய்யட்டும் என்று. நல்ல காரியம். அச்சுக்குப் போகும் முன் பார்க்கக் கூப்பிட்டார்கள். பஸ் ஏறி வேலூர் போனேன். நன்றி சொல்கிற பக்கத்தில் காப்பகம் இருக்கிறது, செத்துப்போன அந்த நல்ல மனிதர் இருக்கிறார், கம்ப்யூட்டரில் வரைந்த பையன்கள் இருக்கிறார்கள். நான் இல்லை. சிறகுப் பக்கத்தில் மட்டும் அடியில் பொடி எழுத்தில் இருந்தேன்: ‘ஆம்பூர் அட்டைப் பிரதியில் அளவு தவறு. சங்கத்தின் ஆய்வில் திருத்தப்பட்டது.’

செயலாளர் பிசிக்ஸ் வாத்தியார். கெட்டவர் இல்லை.

“யாரு சார் ஆய்வு செஞ்சது?” என்றேன்.

“பாய், டென்ஷன் ஆவாதீங்க. அட்டையை மூல ஆவணம்னு சொல்ல முடியாது. கமிட்டி ஒத்துக்காது.”

“மூலம் இல்லாத அட்டையை வெச்சி எப்படி சார் புக்கு போட்றீங்க?”

அவர் டீ சொல்லி அனுப்பினார். வந்ததும் மெதுவாகச் சொன்னார்: “உங்க நல்லதுக்குத்தான் பாய் பேர் போடல. போட்டா அந்தத் தப்பும் உங்க பேர்லதான் வரும்.”

“வரட்டும் சார். தப்பு என் பட்டறையிலதான் நடந்துச்சி. திருத்தம் மட்டும் எப்படி உங்க சங்கத்துல நடந்துச்சி?”

கமிட்டியில் பேசுகிறேன் என்றார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். வீட்டில் சொன்னால் மனைவி கேட்கிறாள்: “பட்டறை போர்டுல அம்மாம் பெருசா பேரு எழுதி வெச்சிருக்கீங்களே, பத்தாதா?” பத்தாது. அந்த போர்டுக்கு நான் காசு கொடுத்தேன். இதற்கு என் கண்ணைக் கொடுத்திருக்கிறேன்.

கமிட்டி பேசிக்கொண்டே இருக்கிறது. புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சங்கத்துக்காரர்களே, நன்றிப் பக்கத்தில் என் பேரைப் போடுங்கள், ஊரையும் தொழிலையும் சேர்த்து. சிறகுப் பக்கத்தில் தப்பு எந்தப் பட்டறையில் நடந்தது என்று தாராளமாக எழுதுங்கள். ஃபோர்மேன் பேரையும் போடுங்கள், அவனுக்கு ஆட்சேபணை இல்லை. அதே வரியில், தாள் போன பிறகு அளவு யார் அட்டையில் இருந்தது, மடிப்பைக் கழிக்கச் சொன்னது யார் என்பதும் வர வேண்டும். முடியாதென்றால் அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள். அவற்றை மாட்டியிருந்த கம்பி என் பட்டறையில் அங்கேயேதான் இருக்கிறது.