சித்தி வீட்டுக்குப் போன கட்டில்

ஜேர்மனியில் உலகக்கிண்ணம் நடந்த அந்தக் கோடையில், ஒரு சனிக்கிழமை காலை, அப்பாவும் சித்தப்பாவும் என் கட்டிலைக் கழற்றினார்கள். பலகை பலகையாகப் படிகளால் இறக்கி, சித்தப்பா வேலை செய்த, பாண் சுடும் வெதுப்பகத்தின் வாகனத்தில் ஏற்றினார்கள். மெத்தையும் கூடவே போனது. எனக்கு எட்டு வயது. கட்டில் எங்கே போகிறது என்று கேட்டேன். சித்தி வீட்டுக்கு என்றார் அம்மா. ஏன் என்பதற்குப் பதில் வரவில்லை. பதில் தேவைப்படவும் இல்லை, காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அந்தக் காரணத்தை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். நான் சோற்றை மிச்சம் வைத்தால், தம்பியின் தலையில் குட்டினால், "உன்னைச் சித்திக்குக் குடுக்கப் போறம்" என்பார். சித்தி பக்கத்தில் இருந்தால், "தாங்கோ அத்தான், இப்பவே கொண்டு போறன்" என்பார். சித்தப்பா மட்டும் தாடையைத் தடவி யோசிப்பதுபோல நடிப்பார். "இவள் வந்தா எங்கட வீட்டில சீஸ் மிஞ்சாது அண்ணை." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் பெரியவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது முடிவாகிவிட்டது என்று நம்பும் வயது அது.

சித்தி அம்மாவின் தங்கை. முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்தார். அவர்களும் ஹம் நகரத்தில்தான் இருந்தார்கள், எங்களிடமிருந்து சில பஸ் தரிப்புகள் தள்ளி, ரயில் பாதையைப் பார்த்த ஓர் இரண்டாம் மாடி வீட்டில். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வரும் வழியில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே மீன் பொரியல் கிடைக்கும், தம்பி கிடையாது. சிறிய அறையின் யன்னலில் நின்றால் சரக்கு ரயில்களின் பெட்டிகளை எண்ணலாம்.

ஞாயிறு பின்னேரம் பஸ்ஸில் கொண்டுவந்து விடுவார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று அம்மா கூப்பிடுவார். "இல்லை அக்கா, பஸ் வந்திடும்" என்று வாசலிலேயே திரும்பிவிடுவார். தரிப்பு எங்கள் யன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. பஸ் வரும், சித்தி ஏறமாட்டார். அடுத்ததும் வந்து போகும். சில ஞாயிறுகளில் அதற்கும் அடுத்ததில்தான் ஏறினார். கூட்டமில்லாத பஸ்ஸுக்காக நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

சித்திக்கும் சித்தப்பாவுக்கும் பிள்ளை இல்லை. அதற்காகச் சித்தி டோர்ட்முண்டில் ஒரு டாக்டரிடம் போய்வருகிறார் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் அதற்கு என்ன செய்வார் என்பது தெரியாது. அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கருவேப்பிலைப் பைக்குப் பக்கத்தில், ஊசிமருந்துப் பெட்டி ஒன்று இருந்தது. அந்த வீட்டில் நான் தொடக்கூடாத ஒரே பொருள் அதுதான். டோர்ட்முண்டுக்குப் போய்வரும் நாட்களில் எனக்கு ஒரு பிரெட்செல் ரொட்டி வரும் என்பதால், அந்த வைத்தியம் நீண்ட காலம் நடக்க வேண்டும் என்றே விரும்பினேன்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் பெட்டி காணாமல் போனது. அது இருந்த இடத்தில் மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் வந்தது. அதே நாட்களில் சித்தி என் பொம்மைக்கு ஒரு சோடி மஞ்சள் காலுறை தந்தார். மெல்லிய கம்பளி, விளிம்பில் வெள்ளைக் கோடு. போட்டுப் பார்த்தேன், பொம்மைக்குப் பெரிதாக இருந்தது. பெரிது என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். ஏன் கிள்ளினீங்கள் என்று கேட்டதற்கு இன்னொரு கிள்ளு கிடைத்தது.

பிறகு எங்கள் குசினி மேசையில் வேறு பேச்சுகள் நடந்தன. நான் அறிந்துகொண்டது பின்னாளில்தான். ஊரில் சொந்தத்துக்குள் ஒரு பிள்ளையை எடுக்கலாம் என்றார் அப்பா. ஊரிலோ மறுபடியும் சண்டை மூண்டுகொண்டிருந்தது. கடதாசி எல்லாம் சரிவந்து பிள்ளை இங்கே வந்திறங்கும்போது அதற்குக் கலியாணம் பேசவேண்டி வரும் என்றார் சித்தப்பா. சித்தி இரண்டு பேரையும் பேசவிட்டுவிட்டு, யூகென்ட்அம்டுக்கு, அதாவது நகரத்தின் சிறுவர் நல அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சந்திப்புக்கு ஒரு டெர்மின் எடுத்தார். அது இன்னும் சில டெர்மின்களாக வளர்ந்து, கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டைப் பார்க்க வருவதாக முடிந்தது.

அப்பா இதில் தன்னை நிபுணராக நினைத்தார். அகதியாக வந்த புதிதில் அவர் இருந்த முகாமுக்கு அதிகாரிகள் வந்து கட்டில்களை எண்ணிப் போவார்களாம். "அம்ட் ஆக்கள் வந்தா முதல் பாக்கிறது கட்டில்தான். கட்டில் இல்லாட்டி ஆள் இல்லை எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவினம்" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா அளவுநாடாவை எடுத்து அறைகளையெல்லாம் அளந்து பார்த்தார். அளவு சரி. ஆனால் சிறிய அறையில் அரிசி மூட்டையும் தையல் மெசினும்தான் இருந்தன. என் வார இறுதிப் படுக்கைகூட சித்தியின் கட்டிலோரம்தான்.

புதுக் கட்டில் வாங்கச் சித்தி சம்மதிக்கவில்லை. பிள்ளை வர முதல் பிள்ளைக்கென்று ஒன்றும் வாங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேறு எந்த வழக்கத்தையும் சித்தி இந்தளவு இறுக்கிப் பிடித்ததில்லை. சித்தப்பா கெஞ்சினார், அப்பா முகாம் கதையை இன்னொருமுறை சொன்னார். அம்மாதான் வழி கண்டார். வாங்கினால்தானே பிழை, இரவல் எடுத்தால்?

இப்படித்தான், வீடு ஒதுக்கும் வேலையில் சித்தி என்னைக் கூட்டிப்போகாமல் விட்ட ஒரு வார இறுதியில், என் கட்டில் பாண் வாகனத்தில் ஏறியது. இது எதுவும் தெரியாத நான், என்னைத் தருவதாகச் சொன்ன வாக்கை அப்பா நிறைவேற்றத் தொடங்கிவிட்டார் என்று விளங்கிக்கொண்டேன்.

கவலைப்பட்டதாக நினைவில்லை. மீன் பொரியலையும் ரயில்களையும் நினைத்தபோது வியாபாரம் எனக்கு லாபமாகத் தெரிந்தது. திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்தில் இருந்தவளிடம், நான் வேறு குடும்பத்துக்கு மாறுகிறேன் என்று சொன்னேன். அவள் தன் அப்பாவும் அப்படி மாறியவர்தான் என்றாள். செவ்வாய்க்கிழமை புத்தகப் பையில் இரவுச் சட்டையையும் பொம்மையையும் பல் துலக்கியையும் வைத்தேன். அவசரத்தில் எடுத்தது தம்பியின் பல் துலக்கி. பள்ளிக்கூடம் விட்டதும் எதிர்ப்பக்கத் தரிப்புக்குப் போய்ச் சித்தி வீட்டுப் பஸ்ஸில் ஏறினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தந்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

சித்தி வீட்டுக் கட்டடத்தின் கீழ்வாசலில் ஒரு பெண் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். குட்டை முடி, கையிடுக்கில் தலைக்கவசம். மணிப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பெயர்களை உற்றுப் பார்த்தார். அவர் தேடியது சித்தப்பாவின் நீளப் பெயரை. நான் வாசித்துக் காட்டினேன். அன்றுதான் அலுவலகத்திலிருந்து ஆள் வரும் நாள் என்பதும், அலுவலகக் காரை எதிர்பார்த்து அப்பா அப்போது பின்பக்கக் கார் தரிப்பிடத்தில் காவல் நின்றார் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் சேர்ந்து படியேறினோம். நீ இங்கேதான் இருக்கிறாயா என்று கேட்டார். இன்றிலிருந்து என்றேன். முதல் மாடி வருவதற்குள், அம்மா அப்பா என்னைச் சித்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதையும், கட்டில் சனிக்கிழமையே வந்துவிட்டது என்பதையும் சொல்லி முடித்தேன். அவர் ஒரு படியில் நின்று என்னைப் பார்த்தார். பிறகு ஏறினார்.

கதவைத் திறந்த சித்தப்பா கலியாணத்துக்குக் கட்டிய டையைக் கட்டியிருந்தார். அவருடைய புன்னகை அந்தப் பெண்ணைப் பார்த்து வந்து, என்னைப் பார்த்து நின்றது. வரவேற்பறையின் பல்கனியில் அவர் கட்டிய ஜேர்மன் கொடி ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்து, காற்பந்து பிடிக்குமா என்று மரியாதைக்குக் கேட்டார். கிரிக்கெட் தவிர வேறெதையும் பார்க்காத சித்தப்பா, மிகவும் பிடிக்கும் என்றார். தனக்கு அவ்வளவு பிடிக்காது என்றார் அந்தப் பெண்.

சித்தி குசினியிலிருந்து வந்தார். என் புத்தகப் பையைப் பார்த்தார். அதை என் தோளிலிருந்து கழற்றி வைத்தார்.

சிறிய அறையில் என் கட்டில் யன்னலோரம் கிடந்தது. அரிசி மூட்டையைக் காணவில்லை. தலைப்பலகையில் ஒரு பெரிய தலையணை சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விருந்தாளிக்குக் காட்டுவதற்காகத் தலையணையை எடுத்தேன். ஊதா மை, முதலாம் வகுப்புக் கையெழுத்து, என் பெயர்.

சித்தப்பா ஜேர்மன் மொழியில் ஏதோ தொடங்கினார். இரண்டு சொற்களுக்குப் பிறகு அது தமிழாகி நின்றது.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றார் சித்தி. "நான் சொல்லுறன்."

அவர் சின்னச் சின்ன ஜேர்மன் வசனங்களில் சொன்னார். இந்தக் கட்டில் எங்களுடையதில்லை, நீங்கள் கட்டில் எண்ணுவீர்கள் என்று இரவல் எடுத்தோம். இவள் அக்காவின் மகள், இவளை யாரும் எங்களுக்குத் தரவில்லை, அது ஒரு பகிடி. எங்கள் வழக்கத்தில் பிள்ளை வர முதல் ஒன்றும் வாங்கமாட்டோம். ஒருமுறை நான் வாங்கினேன். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை.

"காலுறை மட்டும்தான்" என்றார் சித்தி.

எனக்கு உதவி செய்யத் தோன்றியது. பையைத் திறந்து பொம்மையை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். இதுதான் அந்தக் காலுறை, பொம்மைக்குப் பெரிது என்றும் சொன்னேன்.

வெளியே ஒரு சரக்கு ரயில் போனது. அன்று நான் பெட்டிகளை எண்ணவில்லை. அந்தப் பெண் தலைக்கவசத்தை நிலத்தில் வைத்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார். பொம்மையைக் கையில் வாங்கி, கழன்றுகொண்டிருந்த ஒரு காலுறையை இழுத்துச் சரியாகப் போட்டுவிட்டார். இங்கே யாரும் கட்டில் எண்ண வரவில்லை என்றார். ஒரு பிள்ளைக்கு இடமிருக்கிறதா, இங்கே இருப்பவர்கள் யார் என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார். அப்படியென்றால் வெற்று அறை போதுமா என்று சித்தப்பா கேட்டார். போதும் என்றார். சித்தப்பா டையைத் தளர்த்தினார்.

பிறகு அந்தப் பெண் என்னிடம் கேட்டார், நீ குழப்படி செய்தால் சித்தி என்ன செய்வார்?

யோசித்துப் பார்த்து, திரைச்சீலையைக் காட்டினேன். அதன் ஒரு மூலையை நான் பொம்மையின் சேலைக்காக வெட்டியிருந்தேன். சித்தி ஏசவில்லை. முழுத் திரைச்சீலையையும் அந்த உயரத்துக்கு வெட்டி, மெசினில் கரை அடித்தார். வெட்டின துண்டில் எனக்கும் ஒரு பாவாடை வந்தது. அம்மாவுக்குச் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். அந்தப் பெண் யன்னலைப் பார்த்தார். திரைச்சீலை யன்னலின் பாதியில் முடிந்திருந்தது.

"கழுவினதில சுருங்கிப்போச்சு எண்டு என்னட்டச் சொன்னாய்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டும் நான் வராததால் தேடிக்கொண்டு வந்த அம்மா, இடுப்பில் தம்பியோடு, மூச்சு வாங்க நின்றார். அவருக்குப் பின்னால் அப்பா. "கார் ஒண்டும் வரேல்லையே" என்றார்.

முதலில் சிரித்தது சித்திதான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார். அன்று அவர் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்து, மூன்று வாய்ப்பன் சாப்பிட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். நான் அம்மாவோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டேன். தம்பியின் பல் துலக்கியும் திரும்பி வந்தது.

போகும் முன் அந்தப் பெண் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தத்தெடுக்கப் பிள்ளை கிடைப்பது அரிது, பல ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். ஆனால் பெற்றவர்கள் பார்க்க இயலாத நிலையில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. வளர்ப்புப் பிள்ளையாக எடுக்கலாம். ஒரு நாள் தாய் தேறிவந்தால் அந்தப் பிள்ளை திரும்பிப் போகவும் கூடும்.

இதைப் பற்றி எங்கள் குசினி மேசையில் வாரக்கணக்காகப் பேசினார்கள். சித்தப்பா முதல் நாளே சம்மதம். அப்பாதான் பயந்தார். மேசையின் மறுமுனையில் நான் தளபாடக் கடையின் விளம்பரப் புத்தகத்தில் ஏணி வைத்த கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கட்டில் சித்தி வீட்டிலேயே நிற்கட்டும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

"வளத்துப்போட்டு ஒரு நாளைக்குத் திருப்பிக் குடுக்க உமக்கு ஏலுமோ பிள்ளை?" என்று அப்பா சித்தியிடம் கேட்டார்.

"ஏலும் அத்தான்" என்றார் சித்தி. "இவளை ஒவ்வொரு ஞாயிறும் திருப்பிக் கொண்டுவந்து தாறன்தானே."

அம்மா எழுந்துபோய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார். என் பேச்சு அடிபட்டதால் நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஏணிக் கட்டிலில் சிவப்பு நல்லதா நீலம் நல்லதா என்று கேட்டேன்.

இலையுதிர் காலத்தில் ஒருவன் வந்தான். இரண்டரை வயது, வைக்கோல் நிறத்தில் முடி, பெரிய காதுகள், சொந்தமாக ஒரு தலையணை. மறுநாளே சித்தி கடைக்குப் போனார். இத்தனை காலமும் வாங்காமல் விட்டதையெல்லாம் ஒரே பின்னேரத்தில் வாங்கினார். ஏற்றிவர மறுபடியும் பாண் வாகனம் வந்தது. அவன் புட்டைப் பார்த்துப் பனி என்றான், பிறகு மூன்று வேளையும் பனி கேட்டான். நான் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் சித்தி என்றான். நானும் பெருந்தன்மையாக மஞ்சள் காலுறைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி அதை அவன் பாதத்தோடு வைத்துப் பார்த்தார். பாதிப் பாதம்கூட நுழையாது. திரும்பப் பொம்மைக்கே மாட்டிவிட்டார்.

அவன் வந்த பிறகும் என் வெள்ளிக்கிழமைகள் தொடர்ந்தன. முதல் ஞாயிறு பின்னேரம் சித்தி என்னை வழக்கம்போலக் கொண்டுவந்து விட்டார், அவனும் கூட வந்தான். அம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். "இல்லை அக்கா, பஸ் வந்திடும்" என்றார் சித்தி.

நான் யன்னலுக்கு ஓடினேன். எவ்வளவு நேரமும் நிற்பார் என்று தெரியுமாதலால், கை காட்டி விளையாட நேரமிருந்தது. அவன் சித்தியின் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு தரிப்பில் நின்றான். நான் கை காட்டத் தொடங்குவதற்குள் பஸ் வந்தது. சித்தி அவனைத் தூக்கிக்கொண்டு அதிலேயே ஏறினார்.

கூட்டமாக இருந்த பஸ் அது. எனக்கு அன்று கொஞ்சம் கோபம்தான் வந்தது.