கவுன் பாக்கெட்டில் கிளிஞ்சல்

அத்தைக்கு நல்ல வரன் அமைய வேண்டும், திருக்கழுக்குன்றம் மலைக்குப் போய் வேண்டிக்கொண்டு வரட்டும் என்று சொன்னது அப்பாதான். தங்கையைத் தனியாக அனுப்பக் கூடாது என்று இரண்டாம் வகுப்புப் படித்த என்னைத் துணைக்கு அனுப்பியதும் அவர்தான். பேருந்து திருக்கழுக்குன்றத்தில் நின்றபோது நான் எழுந்தேன். அத்தை கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நாங்கள் இறங்கிய இடம் மாமல்லபுரம்.

கடற்கரையில் ஒரு இளைஞர் காத்திருந்தார். இன்று அவரை மாமா என்று கூப்பிடுகிறேன்; அன்று, "என்கூட பொடவக் கடையில வேலை செய்யறவரு" என்றாள் அத்தை. இருவரும் படகு நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் அவர்களைக் கவனிக்கவே இல்லை. அலை பின்வாங்கும்போதெல்லாம் ஈர மணலில் கிளிஞ்சல்கள் பளபளத்தன. அடுத்த அலை வருவதற்குள் ஓடிப்போய்ப் பொறுக்க வேண்டும். உட்புறம் ரோஜா நிறத்தில் ஒன்று, திருகாணி போல் முறுக்கிக்கொண்டு ஒன்று, கோப்பதற்கென்றே துளை விழுந்ததுபோல் ஒன்று. கவுனை மடித்துப் பிடித்து நிரப்பினேன்.

புறப்படும்போது அதைப் பார்த்து அத்தை பதறிப்போனாள்.

"எல்லாத்தையும் கொட்டிடு கண்ணு. நாம மலைக்குத்தான் போனோம். அப்பா கேட்டா அதத்தான் சொல்லணும், இன்னா?"

கொட்டினேன். ஒரு கைப்பிடி மட்டும் பாக்கெட்டில் தங்கிவிட்டது.

திரும்பப் பேருந்து ஏறினோம். பேருந்து குலுங்கும்போதெல்லாம் பாக்கெட் கலகலத்தது, கையால் அழுத்திக்கொண்டேன். அப்பா கோபக்காரர். மலையில் குரங்கு இருந்ததா என்று கேட்டால் என்ன சொல்வது? படியேறியதில் கால் வலித்ததா என்றால்? கேட்கலாம் என்று பார்த்தால், அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அப்பாவின் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கவுனைக் கழற்றி உதறினாள். சிமெண்ட் தரையில் கிளிஞ்சல்கள் சடசடவென்று விழுந்தன.

தறி நின்றது.

"இன்னாது அது?" என்றார் அப்பா உள்ளிருந்து.

கதவருகே நின்ற அத்தையின் முகம் வெளுத்துவிட்டது.

அம்மா குனிந்து ஒரு கிளிஞ்சலை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த ஈர மணலை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க. மலையடிவாரத்துல கிளிஞ்சல் விக்கிறாங்களாம், வாங்கிக்கினு வந்திருக்குது" என்று குரல் கொடுத்தாள்.

தறிச் சத்தம் மறுபடி கேட்டது. அம்மா இவ்வளவு சுலபமாக ஏமாந்துபோனது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி மணலைச் சாக்கடையில் தள்ளிவிட்டு, அவள் அத்தையின் பக்கம் திரும்பினாள். "பேண்ட் ஓரம் பூரா மண்ணா இருக்குது பாரு. உங்கண்ணன் எழுந்து வர்றதுக்குள்ள மாத்திக்கோ."

பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "நல்ல புள்ளதானா?" என்று கேட்டாள்.

அத்தை தலையாட்டினாள். அப்படியே அம்மாவின் தோளில் சாய்ந்து தேம்பத் தொடங்கினாள்.

வழியில் நான் சமர்த்தாக இருந்தேனா என்றுதான் அம்மா கேட்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு அத்தை எதற்காக இப்படி அழ வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.