ஆச்சு சாரின் பச்சைப் பேனா

என் அக்கா புருஷனை அவருடைய அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஆச்சு சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் "ஆச்சு!" என்பார். அந்தப் பட்டப்பெயரைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். நான் அவர்கள் வீட்டு மாடியில் பதினாறு வருஷமாகக் குடியிருக்கிறேன். இந்த மனிதர் செய்து முடித்தது என்று ஒரே ஒரு காரியத்தைக் காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது.

அவரிடம் இருப்பது ஒரு நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கணக்குப் போடுவார்களே, அந்தக் கட்டம் போட்ட நோட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜை முழுவதையும் பிடித்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து வாரம் முழுவதற்கும் பெட்டிகள் வரைவார். வேலையை எழுதக் கறுப்புப் பேனா, டிக் போடப் பச்சைப் பேனா. அந்த நேரத்தில் அக்கா மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருப்பாள். 'தொட்டி கழுவ' என்று இவர் நோட்டில் இருக்கும். அவள் நனைந்த புடவையோடு கீழே வந்ததும் இவர் டிக் போடுவார்.

"கழுவினது அவ. டிக் உங்களுக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வேலை முடிஞ்சுதா இல்லையா? யார் செஞ்சா என்ன?" என்றார்.

ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எழுந்திருக்க, டிக். பல் தேய்க்க, டிக். செருப்பு மாட்ட, டிக். தூங்கிக்கொண்டே எழுதியிருக்க முடியாது. செய்துவிட்டு எழுதியிருக்கிறார், எழுதிவிட்டு டிக் போட்டிருக்கிறார். கஷ்டமான வேலை என்றால் அதற்குத் தனித் தந்திரம். 'குழாய் ரிப்பேர்' என்று எழுத மாட்டார். 'குழாய் பற்றி யோசிக்க' என்று எழுதுவார். யோசித்தார், டிக். மறுநாள் 'குழாய் பற்றிப் பேச'. பேசினார், டிக். சமையலறைக் குழாய் மூன்று மாதம் ஒழுகியது, நோட்டில் பதினோரு டிக் வாங்கியது. கடைசியில் பிளம்பரைக் கையோடு இழுத்து வந்தவள் நான். அதற்கும் ஒன்று போட்டுக்கொண்டார்.

"அத்தான், செருப்பு மாட்டுறதெல்லாம் ஒரு வேலைன்னு எழுதி வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. ஒரு டிக் போட்டா மனசுல ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்புல அடுத்த வேலை தானா ஓடும்."

தெம்பு வந்ததை நான் மறுக்கவில்லை. வேலை ஓடியதைத்தான் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் அவருக்குத் தபால் அனுப்பும் பிரிவு. கவர்களில் எண் போட்டு, முத்திரை குத்தி, பைகளில் பிரித்து வெளியே அனுப்ப வேண்டும். ஊரை ஏமாற்றும் அந்த நோட்டைப் பார்த்து மேனேஜர் சொக்கிப் போய்விட்டார். ஒருநாள் மொத்தப் பேரையும் கூட்டி, இவரை எழுப்பி நிற்கவைத்து, "இவரைப் பாத்துக் கத்துக்குங்க" என்றாராம். அத்தானுக்குப் பின் இருக்கையில் உட்காரும் டைப்பிஸ்ட் அம்மா என் சிநேகிதி. 'முத்திரை மை டப்பா மூடியைத் திறக்க' என்பதற்கும் ஒரு பெட்டி இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்ததோடு விட்டேனே, அதற்கு என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு ஒரே மகள். அப்பனைப் போல் அல்ல, எடுத்த காரியத்தை முடிக்கிறவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதற்கான படிப்பில் சேர வேண்டும் என்று இரண்டு வருஷமாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பது இடம். விண்ணப்பத்தைக் கல்லூரியில் நேரில்தான் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நான்கு மணியோடு ஜன்னலை மூடிவிடுவார்கள்.

"நானே போய்க் குடுத்துட்டு வரேம்பா," என்றாள்.

"என் ஆபீஸ்லேருந்து நாலு தெரு. தபால் அனுப்புறதே அப்பாவோட தொழில். எங்கிட்ட குடு," என்று கை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

ஒரு விண்ணப்பம் அவர் நோட்டில் எட்டு வேலையானது. படிவத்தைப் படிக்க. போட்டோ ஒட்ட. ஜெராக்ஸ் எடுக்க. கையெழுத்துப் போட. கவர் வாங்க. முகவரி எழுத. கவரை ஒட்ட. கல்லூரியில் கொடுக்க. முதல் ஏழும் மளமளவென்று முடிந்தன. ஒவ்வொரு டிக்குக்கும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

வியாழக்கிழமை மதியம் கவரை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். அன்றைய பக்கத்தில் இருபத்து மூன்று பெட்டிகள். இருபத்திரண்டு பச்சையாகிவிட்டன. போகத்தானே போகிறோம் என்று, வாசலைத் தாண்டும் முன்னரே கடைசிப் பெட்டியிலும் டிக்கைப் போட்டுவிட்டார். ஒரு பெட்டிகூட மிச்சமில்லாத பக்கம் அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. சும்மா இருப்பாரா? மேனேஜரிடம் காட்ட ஓடினார். கவரை மேஜை டிராயரில் வைத்துவிட்டுத்தான் ஓடினார். மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்து டீ வாங்கித் தந்தார். திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தார். எல்லாம் ஆகியிருந்தது. மறுநாளைக்குப் புதுப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"அப்பா, ஆச்சா?"

"ஆச்சும்மா!"

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட ஒரு மனிதர் என்று கொஞ்சம் மதித்திருப்பேன். நிஜமாகவே கொடுத்துவிட்டதாக நம்பினார். நோட்டு சொன்னதே!

அடுத்த வாரம் கல்லூரிப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அவளைவிட மதிப்பெண் குறைந்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அவள் பெயர் இல்லை. நான் கூடப் போயிருந்தேன். ஜன்னலில் இருந்த பெண் பதிவேட்டை இரண்டு தரம் தேடிவிட்டு, "இந்தப் பேர்ல விண்ணப்பமே வரலையேம்மா," என்றாள்.

அங்கிருந்து நேராக அவர் அலுவலகத்துக்குப் போனோம். நான் யாரையும் கேட்காமல் டிராயரை இழுத்தேன். மேலாகவே இருந்தது. முகவரி எழுதி, அழகாக ஒட்டி, ஓரம்கூட மடங்காமல் இருந்தது. அவர் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அவசர அவசரமாக நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"டிக் போட்டிருக்கேனே! பாரு, டிக் இருக்கே!"

கையில் கவரை வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது? மகள் அப்பா கையிலிருந்து கவரை வாங்கி, அதைத் தடவிப் பார்த்தாள். இனி அடுத்த வருஷம்தான். அதுவரை அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. அக்கா அழுது தீர்த்துவிட்டு, "போய் அவகிட்ட ஒரு வார்த்தை பேசுங்களேன்," என்று கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் ஸ்கேலோடு உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்தேன். முதல் பெட்டிக்கு எதிரே, 'மகளிடம் மன்னிப்புக் கேட்க' என்று எழுதியிருந்தது.

அவள் ஜன்னல் ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நோட்டை இடுக்கிக்கொண்டு போய் முன்னால் நின்றார்.

"அப்பா தப்புப் பண்ணிட்டேம்மா. என்னை மன்னிச்சிடு."

குரல் கம்மியிருந்தது. பொய்க் கம்மல் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. மூன்று நாளைக்குப் பிறகு அவரிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பச்சைப் பேனாவின் மூடி 'டக்' என்று கழன்றது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். நோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்:

"ஆச்சாப்பா?"

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆச்சும்மா."