டோக்கன் இல்லாத வண்டி

மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் தணிகாசலம் நடத்தும் வண்டி ஸ்டாண்டில் நான் ஆறு வருஷமாக பைக் விடுகிறேன். பட்டினப்பாக்கத்தில் வீடு, தரமணியில் வேலை. பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து எந்த பஸ் எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு எப்போது வரும் என்று கண்டக்டருக்கே தெரியாது. முழுத் தூரமும் பைக்கில் போனால் முதுகு போய்விடும். அதனால் ஸ்டாண்டு வரை பைக், அப்புறம் பறக்கும் ரயில். என்னைப்போல இருநூறு பேர். அத்தனை பேரின் காலைப் பொழுதும் தணிகாசலத்தின் கையில்தான் இருந்தது.

அவருக்கு அறுபது வயசு இருக்கும். ஒரு காலத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். லாரி இடித்து வலது கால் கோணிப்போனபின், பங்காளிச் சண்டையில் கிடந்த ஒரு காலி மனையைக் காவல் பார்க்க வந்தார். வெறுமனே உட்காருவானேன் என்று கல்நார்க் கூரை போட்டு ஸ்டாண்டாக்கிவிட்டார். அங்கே இரண்டே சட்டம். ஒன்று, ஹேண்டில் லாக் போடக் கூடாது. வண்டியை அவர் இஷ்டத்துக்கு நகர்த்துவார். இரண்டு, மாசக் காசு கட்டுகிறவர்களுக்கு டோக்கன் கிடையாது.

டோக்கன் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "இன்னா சார், என்ன நம்ப மாட்டியா? உன் மூஞ்சிதான் டோக்கன்" என்பார். அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ரயில் வர ரெண்டு நிமிஷம் இருக்கும்போது வண்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடலாம், அவர் உருட்டிக்கொண்டு போய் இடத்தில் சேர்ப்பார். சாயங்காலம் நாம் நிலையத்தின் படியிறங்குவதைப் பார்த்துவிட்டால் போதும், சந்துக்குள் வருவதற்குள் வண்டி தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கும். யாருக்கு வேலை போய்விட்டது, யார் புதுசாகக் குழந்தையை முன்னால் உட்கார்த்திப் போகிறார்கள் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்களுக்கும் அதில் ஒரு பெருமை. ஆபீஸில் போய் தணிகாசலம் புராணம் பாடியவர்களில் நானும் ஒருவன்.

ராஜகோபாலன் சார் எங்களுக்கெல்லாம் சீனியர். ராஜா அண்ணாமலைபுரத்து ஃபிளாட்டிலிருந்து நீல ஸ்கூட்டரில் வருவார். வேளச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி. வாசலை ஒட்டிய பூவரச மரத்தடிதான் அவர் இடம். வேறு எவன் வண்டியை வைத்தாலும் தணிகாசலம் இழுத்துத் தள்ளிவிடுவார். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடித்து ஏழேகாலுக்கு அவர் திரும்பி வருவதை வைத்துக் கடிகாரத்தையே திருத்தலாம். கைக்குட்டையால் ஹெல்மெட்டைத் துடைப்பார், மாட்டுவார், வாரை இழுத்துப் பார்ப்பார், "வரேன் தணிகாசலம்" என்பார். பத்து வருஷமாக ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்படித்தான் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறினார். பதினொரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மனையின் வாசல் பக்கம் பள்ளம், முழங்கால் தண்ணீர் ஏறிவிட்டது. தணிகாசலம் கோணல் காலை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக இருபது, இருபத்தைந்து வண்டிகளைப் பின்சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு, பழைய ஃபிளெக்ஸ் பேனர்களால் மூடினார். அங்கே ஏற்கெனவே வருஷக்கணக்காக யாரும் எடுக்காத ஏழெட்டு வண்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. சாயங்காலம் ஒவ்வொருவராக வரவர, பேனரைத் தூக்கி வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். நனையாத சீட்டைத் தொட்டுப் பார்த்து நான்கூட அவரை வாயார வாழ்த்திவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் காலை ஏழேமுக்காலுக்கு நான் வண்டியை உள்ளே தள்ளும்போது ஒரு பெண் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தாள். ராஜகோபாலன் சாரின் ஒரே மகள் மாளவிகா. அப்பா நேற்றிலிருந்து ஆத்துக்கு வரவில்லை என்றாள். கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போனாராம், அம்மா ஜானு ராத்திரியெல்லாம் வாசலிலேயே நிற்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் வழக்கம்போலக் கிளம்பினார் என்கிறார்கள். "அப்பா நேத்து சாயங்காலம் வண்டியை எடுத்தாரான்னு மட்டும் சொல்லுங்கோ" என்றாள்.

தணிகாசலம் பூவரச மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். காலியாக இருந்தது.

"எட்த்துக்கினு பூட்டாரும்மா. ஏழு, ஏழேகால் இருக்கும். ஹெல்மெட்ட தொடச்சி மாட்டிக்கினு, வரேன் தணிகாசலம்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

அவளுக்கு இன்னொருத்தர் வாயாலும் கேட்க வேண்டும்போல இருந்திருக்கும். என்னைப் பார்த்தாள். எனக்கு ஏழு ஐம்பத்திரண்டு ரயில். "தணிகாசலம் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. வண்டி நம்பரை போலீஸ்ல குடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன். யாரும் கேட்காமலே கொடுத்த யோசனை அது. இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அவள் அப்படியே செய்தாள். ரயிலில் வந்து இறங்கி ஸ்கூட்டரில் கிளம்பிய மனிதனை எங்கே தேடுவார்கள்? மந்தைவெளிக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் நடுவில் உள்ள ஒன்றரை மைலைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். மெட்ரோ பள்ளங்களில் எட்டிப் பார்த்தார்கள். கால்வாயில் ஆளை இறக்கித் துழாவினார்கள். பக்கத்து ஆஸ்பத்திரிகளில் வண்டி விபத்துக் கேஸ் எல்லாவற்றையும் பார்த்தார்கள். வியாழக்கிழமை அவர் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டினார்கள். 'செவ்வாய் மாலை ஏழேகால் மணிக்கு மந்தைவெளி ரயில் நிலையம் எதிரிலிருந்து நீல ஸ்கூட்டரில் புறப்பட்டவர் வீடு திரும்பவில்லை.' தணிகாசலம் சொன்னது அச்சில் வந்துவிட்டது. ஸ்டாண்டு வாசலிலும் ஒன்று ஒட்டியிருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டி, கடைசியாகப் பார்த்தது நான்தான் என்று தணிகாசலம் கண்கலங்கினார். அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அழுதார்.

வேளச்சேரிப் பக்கம் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை. எதற்கு ஒட்ட வேண்டும்? அங்கிருந்துதான் வந்துவிட்டாரே.

வெள்ளிக்கிழமை வெயில் அடித்தது. காலையில் நான் போனபோது தணிகாசலம் ஸ்டாண்டு வாசலில் இல்லை. பின்சுவர் ஓரம் ஒரு பேனரைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். காயப்போடலாம் என்று தூக்கியிருக்கிறார். துருப்பிடித்த வண்டிகளுக்கு நடுவில் நீல ஸ்கூட்டர் நின்றது. சீட்டின் மேல் செவ்வாய்க்கிழமை உதிர்ந்த பூவரசம் பூ ஒன்று வாடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் தள்ளிக்கினு வந்துகீறேன் சார்" என்றார். போன் பேச அவரால் முடியவில்லை. நான்தான் மாளவிகாவைக் கூப்பிட்டேன். ஸ்கூட்டர் இங்கேயே இருக்கிறது, அப்பா திரும்பி வரவே இல்லை என்று நான் சொன்னதும் அவர் போட்டோவை எடுத்துக்கொண்டு வேளச்சேரிக்குக் கிளம்பிவிட்டாள்.

அதற்கப்புறம் ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வேளச்சேரி நிலையத்துப் பூக்காரி போட்டோவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்: செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மழையில் படியேறும்போது விழுந்தவர். பக்கவாதம். கூட்டத்தில் அவர் பையை எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான், பர்ஸும் அதில்தான். யாரோ புண்ணியவான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே, பேர் தெரியாத ஆண், வயது சுமார் அறுபது. சட்டைப் பையில் இருந்தது ஒரு ஸ்கூட்டர் சாவி மட்டும்.

மாளவிகாவும் அவள் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. புதன்கிழமை அவருக்கு நினைவு வந்ததாக நர்ஸ் சொன்னாளாம். பேச்சு வரவில்லை. இடது கையால் சட்டைப் பை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாராம், வாசலில் யார் வந்தாலும் தலையைத் திருப்பிப் பார்த்தாராம். முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனால் அவர் தனியாகச் செத்திருக்க மாட்டார். அதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை.

ஸ்டாண்டில் எல்லாரும் தணிகாசலத்துக்கு ஆறுதல் சொன்னார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சறுக்கியது யானை, நசுங்கியது வேறு ஆள். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் மாளவிகா வண்டியை எடுக்க வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த காகித உறையில் சாவி இருந்தது. தணிகாசலம் ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து, பூவரச மரத்தடியில், அதன் பழைய இடத்திலேயே நிறுத்தியிருந்தார். அவள் திட்டுவாள், கை நீட்டினாலும் நீட்டுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் அதெல்லாம் செய்யவில்லை.

"பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாமா. ஏன் பார்த்தேன்னு சொன்னேள்?"

"நான் பொய் சொல்லலம்மா." "பார்த்தேன். இப்பகூட கண்ண மூட்னா தெரியுது. ஹெல்மெட்ட தொடச்சி மாட்டிக்கினு, வரேன் தணிகாசலம்னு சொல்லிட்டுப் போறாரு. எந்த நாளுன்னுதாம்மா தெர்ல."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் பார்த்தேளா?"

நான் ஒன்றும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் கிளம்பியது ஆறரை மணிக்கே.

"இல்லைம்மா. எனக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சு" என்றேன்.

தலையை ஆட்டினாள். ரெண்டு வாரமாக நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தணிகாசலம் பழக்கதோஷத்தில் ஹேண்டிலைப் பிடிக்கப் போனார். "விடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவளே தள்ளிக்கொண்டு சந்தைத் தாண்டிப் போனாள்.

தணிகாசலம் என்னிடம் வந்து ஒரு தகர டோக்கனை நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கும் ஏழு ஐம்பத்திரண்டு எனக்குக் கிடைத்தது.