லீலாபாயின் ஐஸ் கொக்கி

வேற்றூர்ச் சந்தைக்குள் நுழைந்ததும் லீலாபாய் நேராகப் பின்பக்கம் போய்விடுகிறார். முன்னால் நாற்காலி போட்டு இளநீர் வெட்டி வைத்திருப்பார்கள். அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சாக்கடை மூடியின் வளையத்தில் கொக்கியை மாட்டி, காலை அகட்டி நின்று ஒரே இழுப்பு. மூடி சாய்ந்ததும் குனிந்து முகர்ந்து பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த ஊர் அதிகாரிக்கு வணக்கம்.

அந்தக் கொக்கி என்னுடையது. நான் எங்கள் மீன் சந்தை வாசலில் ஐஸ் உடைத்து விற்கிறவன். ஐஸ் கட்டியை இழுக்கிற கொக்கியை ஒருநாள், "மரியான் அண்ணே, இத ஒண்ணு தாரும்" என்று கேட்டு வாங்கினார். திரும்பி வரவில்லை. டிபன் பாத்திரத்தோடு அவருடைய கைப்பையில் கிடக்கிறது. புளிசாதத்தில் துரு வாசனை அடிக்காதா என்று கேட்டேன். "அது பழகிப்போச்சு" என்றார்.

லீலாபாய் எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர். ஊரில் ஈ.ஓ. அம்மா என்றால்தான் தெரியும். தக்கலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறார். ஒல்லி உடம்பு, உரத்த குரல். யாராவது பொய் சொன்னால் இடது கண் மட்டும் சுருங்கும். அந்தக் கண்ணுக்குப் பயந்தே பாதிப் பேர் உண்மை பேசுகிறார்கள்.

எங்கள் சந்தை, சுனாமிக்குப் பிறகு வந்த பணத்தில் கட்டியது. டைல்ஸ், மின்விசிறி, பளிங்கில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. மீன் கழுவிய தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நாற்றம் தாங்காமல் பக்கத்துத் தெருக்காரர்கள் மனுமேல் மனு கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பேரூராட்சிகள் ஒன்றையொன்று போய்ப் பார்த்து, நல்லதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு ஊர் அதிகாரி இன்னோர் ஊர்ச் சந்தைக்கு மதிப்பெண் போட வேண்டும். தேறாத சந்தையைப் பூட்டி, விற்கிறவர்களை மெயின்ரோட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

மெயின்ரோடு கடற்கரையிலிருந்து நல்ல தூரம். மீன் விற்கிற செசிலியைப் போல முழங்கால் தேய்ந்தவர்கள் கூடையைச் சுமந்துகொண்டு அதுவரை போக முடியாது. சந்தையைப் பூட்டினால் அவர்கள் வீட்டு அடுப்பும் அணையும்.

பல அதிகாரிகளுக்கு இது ஒரு சுற்றுலா. ஜீப்பில் போவார்கள், பிரியாணி தின்பார்கள், வரிசையாக நின்று போட்டோ எடுப்பார்கள். நம் ஆள் அப்படியில்லை. ஒருநாள் நான் மேற்கே உள்ள ஓர் ஊருக்கு ஐஸ் இறக்கப் போனபோது, என் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த ஊர் ஈ.ஓ. ராஜையன், நல்ல பெயர் எடுத்த மனிதர். பெரிய ஆல்பம் ஒன்றை விரித்தார்.

"நல்லா வந்தது எல்லாம் ஆல்பத்துல இருக்கு சார். நீங்க எங்க எங்க தோத்தியளோ, அதச் சொல்லுங்க. அதக் கேக்கத்தான் வந்தேன்" என்றார் லீலாபாய்.

ராஜையன் முகம் கறுத்துவிட்டது. "இங்க அப்படி ஒண்ணும் இல்ல மேடம். டீ குடிங்க."

இடது கண் சுருங்கியது. கொக்கியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வடிகால் வாயில் கம்பிக்கூடை வைத்து, செதிலும் குடலும் உள்ளே போகாமல் பிடித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் கடை விரிக்காமல் சந்தை முழுவதையும் கழுவிவிடுவார்களாம். ஒரு மூலையில் மட்டும் மீன்பெட்டிகளைத் தலை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதைச் சற்று நேரம் பார்த்தார். என் வண்டியில் மிச்ச ஐஸ் உருகிக்கொண்டிருந்ததால் புறப்பட்டுவிட்டோம்.

கம்பிக்கூடை எங்கள் சந்தையில் உடனே வேலை செய்தது. செவ்வாய்க்கிழமைதான் காலை வாரிவிட்டது. முதல் செவ்வாய் விடியற்காலை, கதவைப் பூட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயோடு நின்றார் லீலாபாய். வெளியே மீனோடு மொத்தச் சந்தையும் நின்றது.

"ஏட்டி, இது எந்த ஊரு கிறுக்கு?" என்றாள் செசிலி. "இவ்வளவு மீனையும் வச்சிட்டு நான் எங்க போவேன்? ஒனக்க ஆபீஸ் மேசையில கொண்டு கொட்டட்டா?"

விஷயம் இதுதான். ராஜையனுடைய ஊரில் செவ்வாய்க்கிழமை பாதி வீட்டில் மீன் வாங்க மாட்டார்கள். கோவில் நாள். சந்தை எப்படியும் காலிதான். எங்கள் கடற்கரையில் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை, சர்ச் பூசை நாள். திங்கள் இறங்குகிற வள்ளங்கள் செவ்வாய் விடியலில்தான் நிறையக் கொண்டுவந்து கரையேறும். அங்கே காலியான நாள் இங்கே நிறைந்த நாள்.

லீலாபாய் கதவைத் திறந்துவிட்டார். "கொட்டாதீங்க அக்கா. அவிய என்ன செய்யுதாவன்னு பாத்தேன். எதுக்குச் செவ்வாயில செய்யுதாவன்னு கேக்க விட்டுட்டேன்" என்றார். சாயங்காலமே ஞாயிறு என்று மாற்றினார்.

அலுவலக கிளார்க் செல்வதாஸ் தலையைச் சொறிந்தான். "ஞாயித்துக்கிழம கழுவ ஆரு மேடம் வருவா?"

"நான் வருவேன். கழுவ வாறவியளுக்குத் திங்களாச்ச லீவு. எழுதி ஒட்டு."

வந்தார். ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகி, துடைப்பத்தோடு நின்றார். இரண்டாவது ஞாயிறு செசிலியும் வந்தாள். "இஞ்ச கொண்டாட்டி, ஒனக்குப் பெருக்கவும் தெரியல்ல" என்று துடைப்பத்தைப் பிடுங்கினாள். அதற்குப் பிறகு நாற்றம் குறைந்தது. மேற்கு மூலை மட்டும் படியவில்லை. கட்டும்போதே அங்கே தரையின் வாட்டம் தப்பு. தண்ணீர் போன வழியே திரும்பி வந்து தேங்கும்.

அப்படியிருக்கும்போது மதிப்பெண் போடுகிற நாள் வந்தது. வந்தவர் ராஜையன்.

ஜீப் திரும்பும் சத்தம் கேட்டதும் செல்வதாஸ் ஓடி வந்தான். "மரியான் அண்ணே, வண்டியக் கொண்டு மேற்கு மூலையில போடும். பாத்தா சோலி முடிஞ்சு." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மூடிக்கு மேலேயே வண்டியை நிறுத்தி, மேலே சாக்கும் போட்டேன்.

ராஜையன் கூடையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. தாளில் எழுதத் தொடங்கினார். அப்போதுதான் லீலாபாய் என் வண்டியைக் கண்டார். இடது கண் சுருங்கியது.

"அண்ணே, வண்டிய எடும்."

"ஸ்டார்ட் ஆவல்ல மேடம்" என்றேன்.

"தள்ளும். நானும் பிடிக்கேன்."

பிடித்தார். தள்ளினோம். வளையத்தில் கொக்கியை மாட்டி ஒரே இழுப்பு. மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை. செசிலி தலைக்கூடையை இறக்காமலே நின்றாள். செல்வதாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"இங்க தோத்துட்டேன் சார். குழாய மாத்திப் பாத்தாச்சு, குழிய ஆழமாக்கிப் பாத்தாச்சு. தண்ணி கேக்க மாட்டேங்குது. நீங்க என்ன செஞ்சிய?"

ராஜையன் எழுதுவதை நிறுத்தினார். தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குழிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"எங்க ஊருலயும் இதே மூலதான்" என்றார் மெதுவாக. "அண்ணைக்கு நீங்க வந்தப்ப அதுக்கு மேலதான் பெட்டி அடுக்கி வச்சிருந்தேன்."

"தெரியும்."

"சந்தையப் பூட்டாண்டாம்னு எழுதுதேன். ஆனா இந்தத் தண்ணிய ரெண்டு ஊருமா சேந்துதான் பாக்கணும்."

செசிலி கூடையைத் தரையில் இறக்கினாள். லீலாபாய் அடுத்த மூடியின் பக்கம் நடந்தார். சேலை முனையில் கொக்கியைத் துடைத்து, பிடி பின்னால் வந்த ராஜையன் பக்கமாக வரும்படி திருப்பி, அவரிடம் நீட்டினார்.